கோடி போன தண்ணீரில் ஒரு துடுப்பு

அவலூர்பேட்டை, மேல்மலையனூர், செஞ்சிப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவர்களிடம், "நம் ஆற்றில் படகு விடலாம், வாருங்கள்" என்று சொன்னால் சிரிப்பீர்கள். செஞ்சிப் பாலத்தின் மேல் நின்று எட்டிப் பார்த்தால், ஆண்டில் பாதிக்கு மேல் சங்கராபரணியில் தெரிவது மணலும் முட்புதரும்தான். ஆனால் இதே ஆறு புதுச்சேரிக்குத் தெற்கே கடலைத் தொடும் இடத்தில், மழைக்காலம் ஓய்ந்து தை பிறந்ததும் கயாக் படகுகள் தண்ணீரில் இறங்குகின்றன. பருவத்தின் அந்த முதல் பயணத்துக்குத்தான் இன்று உங்களை அழைத்துப் போகிறேன்.

முதலில் ஆற்றோடு கிழக்கே போவோம். பாக்கமலைச் சரிவிலும் நம் பக்கத்து ஓடைகளிலும் சேரும் தண்ணீர் கடலுக்குப் போக ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நடக்க வேண்டும். வராக நதி என்றும் செஞ்சி ஆறு என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை கொட்டி, ஏரிகள் நிரம்பி வழிந்து கோடி போனால்தான் இது முழு ஆறாக ஓடும். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் போருக்குப் போகும் கதையில் ஆறு வெள்ளம் புரண்டு வருகிறதே, அந்தப் போர் நடந்ததும் 1714 அக்டோபரில், மழை தொடங்கும் மாதத்தில்தான்.

வழியில் தொண்டியாறு வந்து சேர, வீடூர் அணை குறுக்கே நிற்கிறது. 1959-இல் கட்டி முடித்த அணை. 32 அடி உயரம், 605 மில்லியன் கன அடி கொள்ளளவு. அதைத் தாண்டினால் திருவக்கரை. கல்லாகிப்போன மரங்கள் அங்கே கிடக்கின்றன. ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் உருட்டி வந்து புதைத்த மரங்கள் அவை என்கிறார்கள் நிலவியலாளர்கள். கிளையோ வேரோ இல்லாமல் வெறும் அடிமரமாகக் கிடப்பதே அதற்குச் சான்று. பிறகு வில்லியனூர், திருக்காஞ்சி. கடலை நெருங்கும்போது ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளை அரியாங்குப்பம் ஆறு. ரோமானியர்களின் மதுச்சாடிகள் வந்திறங்கிய அரிக்கமேடு அதன் கரையில்தான் இருக்கிறது. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து பார்த்தார். தெற்குக் கிளை சுண்ணாம்பாறு. நாம் இறங்கப்போவது அதில்.

கடலூர் சாலையில் நோணாங்குப்பம். விடிந்து வெயில் ஏறாத நேரம். கயாக் என்பது ஒருவரோ இருவரோ உட்காரும் ஒடுக்கமான படகு. வடதுருவத்து வேட்டைக்காரர்கள் சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செய்தது. இன்று பிளாஸ்டிக்கில் வருகிறது. துடுப்புக்கு இரண்டு முனையிலும் அலகு உண்டு. வலம் ஒரு வீச்சு, இடம் ஒரு வீச்சு. உட்கார்ந்தால் தண்ணீர் நம் இடுப்புக்குச் சமமாக நிற்கும். கரையில் நின்று பார்த்த ஆறு வேறு, இது வேறு என்று அப்போதே தெரிந்துவிடும்.

எனக்குத் துணையாக வந்தவர் மீனவர் வீட்டு இளைஞர். "கையால தள்ளாதீங்கண்ணே, இடுப்பத் திருப்புங்க, கை தானா வரும்" என்றார். அவர் மட்டும் அடிக்கடி துடுப்பைச் செங்குத்தாக இறக்கி ஆழம் பார்த்தபடி வந்தார். எதற்கு என்று கேட்டேன். "வெள்ளம் போன ஆறுண்ணே. போன வருசம் ஆழமா இருந்த எடம் இப்ப மேடா இருக்கும்" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் நமக்குப் புரியும். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை. அப்படிப்பட்ட வெள்ளம் மேட்டு நிலத்து மண்ணையெல்லாம் சுமந்து வந்து இங்கேதான் இறக்குகிறது. மணல் திட்டுகள் இடம் மாறுகின்றன. பழைய வழி தூர்ந்து புதுவழி திறக்கிறது. அதனால் பருவத்தின் முதல் பயணம் இவர்களுக்கு உல்லாசம் இல்லை. ஆற்றை மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து படிக்கும் வேலை.

கிளைக் கால்வாயில் திரும்பினால் அலையாத்திக் காடு. சேற்றிலிருந்து மூச்சுவேர்கள், மிளகாய்த் தோட்டத்தில் நட்ட குச்சிகள் மாதிரி, விரல் உயரத்துக்கு நெருக்கமாக நிற்கின்றன. உப்பிலும் சேற்றிலும் மூழ்கிய மரத்துக்குக் காற்று வாங்கித் தருவது அவைதான். நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைக்கிறது. துடுப்பிலிருந்து உதட்டில் தெறித்த துளி படகுத்துறையருகே லேசாகத்தான் கரித்தது. முகத்துவாரம் நெருங்க நெருங்க நல்ல உப்பு. கடல் ஏற்றம் எங்களை எதிர்த்தது. தோள் வலித்தது. திரும்பும்போது அதே ஏற்றமும், எழும்பத் தொடங்கிய கடற்காற்றும் சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்தன. போகும்போது கஷ்டம், வரும்போது சுகம் என்று நேரம் பார்த்துக் கிளம்புவதுதான் இந்த ஊர்க் கணக்கு.

ஏரி கோடி போனால், "தண்ணி வீணா கடலுக்குப் போகுதே" என்கிறோம். அந்தத் தண்ணீர்தான் மணல் அடைத்த முகத்துவாரத்தைத் திறந்துவிடுகிறது. அலையாத்தி மரங்களுக்கு உப்பைக் குறைக்கிறது. இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர இடம் கொடுக்கிறது. மேலே நாம் மணல் அள்ளினாலும் குப்பை கொட்டினாலும், கீழே கணக்கு எழுதப்படுகிறது.

போக விரும்புகிறவர்களுக்கு: திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி சென்று, கடலூர் பேருந்தில் நோணாங்குப்பத்தில் இறங்குங்கள். காலையிலேயே போங்கள், மதியக் காற்றில் புதியவர்களால் துடுப்புப் போட முடியாது. நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். புதுச்சேரியில் பளிச்சென்று வெயில் அடித்தாலும், வீடூரில் மதகு திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஆற்றில் இறங்குங்கள்.