பார்ப்பவரைப் பார்க்கும் கதை



திரைப்படத்தில் நாம் எதைக் காண வேண்டும் என்பதை இயக்குநர் முன்னரே முடிவு செய்துவிடுகிறார். முகத்தைக் காட்டினால் முகம். கதவைக் காட்டினால் கதவு. மெய்நிகர்க் கருவியைத் தலையில் அணிந்துகொண்டாலோ திரையின் சட்டமே மறைந்துபோகிறது. நாம் திரும்பும் திசைக்கேற்பக் கணிப்பொறி அவ்வப்போது காட்சியை வரைந்து தருகிறது. 1968-ஆம் ஆண்டில் ஐவன் சதர்லாந்து என்னும் அமெரிக்க அறிஞர் கூரையிலிருந்து தொங்கவிட்டு அமைத்த கருவி இதற்கு முன்னோடி. அதில் வெறும் கோட்டுருவங்களே தெரிந்தன.

கதை சொல்வோருக்கு இதனால் நேர்ந்த இடர் சிறிதன்று. கதைத்தலைவன் இடப்புறம் கண்ணீர் விடுகையில், பார்ப்பவர் வலப்புறச் சுவரை ஆராய்ந்துகொண்டிருக்கக் கூடும்! ஆதலின் ஒலியாலும் ஒளியாலும் அவரை மெல்ல அழைக்க வேண்டும். அவர் திரும்பும்வரை கதை காத்திருக்கவும் வேண்டும்.

ஆக்குலஸ் ஸ்டோரி ஸ்டூடியோ 2015-இல் உருவாக்கிய அசைவூட்டப் படம் 'ஹென்றி'. ஒரு முள்ளெலி தன் பிறந்தநாளைத் தனியே கொண்டாடுகிறது. எவரையேனும் தழுவிக்கொள்ள அதற்கு ஆசை. முள்ளுக்கு அஞ்சி எவரும் நெருங்குவதில்லை. அது நிமிர்ந்து நம் கண்களை நோக்குகிறது. திரைப்பட நடிகரும் காமிராவை நோக்குவதுண்டு. அப்பார்வை அரங்கினர் அனைவர்க்கும் பொது. இதுவோ, நாம் நகர்ந்தால் நம்மையே தொடரும் பார்வை. ஆயினும் நாம் அதனைத் தழுவ வழியில்லை.

பேயோபாப் ஸ்டூடியோஸ் 2019-இல் வெளியிட்ட 'பான்ஃபயர்' நம் கைக்கும் வேலை தந்தது. 'மடகாஸ்கர்' இயக்குநர்களுள் ஒருவரான எரிக் டார்னெல் இதனை இயக்கினார். மனித இனத்துக்குப் புதிய வாழிடம் தேடிச் சென்று, அறியாத கோளொன்றில் விழுந்த விண்பயணி நாமே. இருளில் ஒரு நெருப்பு. அப்பால் தயங்கி நிற்கும் ஒரு விந்தை உயிர். அதற்கு உணவிட்டுப் பழகலாம். இறுதியில், அக்கோளை மனிதர் குடியேறக் கொடுக்கலாமா என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும்.

முடிவுகள் பலவாக இருப்பதைச் சிலர் பெரிதாகப் பேசுவர். வினாத்தாளில் நான்கு விடைகளுள் ஒன்றைக் குறிப்பதற்கும் அதற்கும் வேறுபாடு அதிகமில்லை. உணவிட்ட கை, அவ்வுயிரின் வீட்டைப் பிறருக்கு எழுதிக்கொடுக்கத் தயங்குகிறதே, அத்தயக்கத்தையே நான் கதை என்பேன்.

'ஹென்றி' 2016-இல் எம்மி விருது பெற்றது. மறு ஆண்டே அந்நிலையம் மூடப்பட்டது. ஒரு கருவியை ஒரு வேளையில் ஒருவரே அணிய இயலும். திரையரங்கின் வருவாய்க் கணக்கு இங்கே செல்லாது. உங்கள் கல்லூரியில் அக்கருவியும் படமும் கிடைக்குமாயின், முள்ளெலி நிமிரும்போது சற்றே ஒருபுறம் நகர்ந்து பாருங்கள்.