வயல் உள்ளவரை வழி



எங்கள் தீவின் பாயான் லெப்பாஸில் குடியிருப்பவர்களுக்கு இரைச்சல் பழகிப்போன ஒன்று. தலைக்கு மேலே விமானம் தாழ்ந்து இறங்கும். ஷிப்டு மாறும் வேளையில் தொழிற்சாலைப் பேருந்துகளும் மோட்டார் சைக்கிள்களும் சாலையை அடைத்துக்கொள்ளும். 1972-இல் இங்கே தொழிற்பேட்டை தொடங்கியதிலிருந்து எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிவது இந்த இரைச்சலின் தயவில்தான். அதற்கு நான் நன்றியுள்ளவன். ஆனாலும் வாரத்தில் ஒரு காலைப்பொழுதாவது காது ஓய்வு கேட்கிறது. அந்தக் காலைப்பொழுதுக்காக நான் போகும் வழியைப் பற்றி இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, பொழுது புலருமுன், முன்விளக்கும் பின்விளக்கும் எரிய சைக்கிளில் கிளம்புவேன். தெலுக் கும்பார் வரை கடற்காற்று கூட வரும். அதன்பிறகு மலைச்சாலை. வளைவுக்கு வளைவு மூச்சு வாங்கும். இந்தச் சாலையில் கார்களும் லாரிகளும் உண்டு. இடது ஓரத்தை விடாமல் கவனமாக ஏற வேண்டும். மலையைத் தாண்டி இறங்கினால் பாலிக் புலாவ். தீவின் பின்புறம் என்று பொருள் தரும் மலாய்ப் பெயர் அது.

பெரிய சாலையை விட்டு, புலாவ் பெத்தோங், சுங்கை பூரோங் பக்கமாகக் கம்பத்து வழியில் திரும்பியதும் நின்று டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுவேன். இனித் தார் இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டாலும் இல்லை. சரளைக்கல் வரும், செம்மண் வரும், இரண்டு சக்கரத்தடங்களுக்கு நடுவே புல் முளைத்த வழி வரும். ஒருபுறம் நெல்வயல், மறுபுறம் வாய்க்கால். டயருக்கடியில் கல் நொறுநொறுக்கும் ஓசை கேட்கும். சைக்கிள் நின்றால் அதுவும் அடங்கி, வாய்க்கால் தண்ணீரின் சலசலப்பு மட்டும் காதில் விழும். வயலிலிருந்து கொக்குகள் எழும்பினால் அவற்றின் சிறகோசையைக்கூடக் கேட்கலாம்.

தாரில்லாத வழியில் இப்படி நெடுந்தூரம் மிதிப்பதற்கு உலகம் இப்போது கிராவல் சைக்கிளிங் என்று பெயர் வைத்திருக்கிறது. அதற்கென்றே சைக்கிள் செய்கிறார்கள். கைப்பிடி பந்தய சைக்கிளைப் போலக் கீழே வளைந்திருக்கும். டயர் மட்டும் அகலம். பந்தய சைக்கிளின் டயர் 25, 28 மில்லிமீட்டர் என்றால் இது 40 மில்லிமீட்டர், அதற்கு மேலும் போகும். அகலம் கூடினால் காற்றழுத்தத்தைக் குறைக்கலாம். குறைத்தால் டயர் கல்லை அணைத்துக்கொண்டு ஓடும். கை அவ்வளவாக அதிராது, சக்கரம் எளிதில் வழுக்காது. 2022-இல் இத்தாலியில் இதற்கு முதல் உலகச் சாம்பியன் போட்டியே நடந்தது.

பெயர்தான் புதிது நேயர்களே. என் தாத்தா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போனதும், பால் வாளிகளைக் காரியரில் கட்டிக்கொண்டு செம்மண் சாலையில் ஸ்டோருக்குத் திரும்பியதும் சைக்கிளில்தான். மழைக்காலச் சேற்றில் எந்தத் தடத்தில் சக்கரத்தை விட வேண்டும், பாரம் சாயாமல் மேட்டில் எப்படி ஏற வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்தக் காலத்துத் தோட்டத்து மக்கள் பிழைப்புக்காகக் கற்ற வித்தை அது. நாம் இன்று ஓய்வுக்காக அதைத் திரும்பக் கற்கிறோம். சரளையில் சைக்கிள் தடுமாறும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

பிரான்சிலும் கார் இரைச்சலில்லாத வழிகளைத் தேடி உலகெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள். பர்கண்டி வட்டாரத்தில் க்ளூனிக்கும் ஜிவ்ரிக்கும் இடையே ரயில் நின்றுபோன ஒரு பாதை கிடந்தது. தண்டவாளம் போன அந்த வழியை 1997-இல் சைக்கிளுக்கும் நடைக்கும் திறந்துவிட்டார்கள். ஏறக்குறைய 44 கிலோமீட்டர். பிரான்சின் முதல் பசுமை வழி அதுதான். போர்தோ பக்கத்துத் திராட்சைத் தோட்டங்கள் வழியாகவும் பழைய ரயில்பாதை ஒன்று சைக்கிள்பாதையாகியிருக்கிறது. 1937-இல் பிரான்சின் மாபெரும் சைக்கிள் பந்தயத்தில் வென்ற ரோஜே லப்பேபியின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள்.

ரயில் போன வழி ஒரு வகை. என் மனத்துக்கு நெருக்கமானது இன்னொரு வகை. பர்கண்டியில் போன் நகரிலிருந்து சாந்தனே வரை, திராட்சைக் கொடிகளுக்கு நடுவே இருபது கிலோமீட்டருக்கு மேல் ஒரு வழி போகிறது. கொடி கவாத்து செய்பவருக்கும், மருந்தடிக்கும் டிராக்டருக்கும், அறுவடைக் கூடைக்கும் வேண்டியிருப்பதால் நிலைத்திருக்கும் வழி அது. கார்களுக்கு அங்கே வேலையில்லை, அதனால்தான் அமைதி. அந்தத் திராட்சை நிலங்களை 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நமது ஜார்ஜ் டவுன் 2008-இலேயே இடம்பெற்ற பட்டியல் அது. வேலை நடக்கும் வயலையும் ஒரு பாரம்பரியமாக மதித்திருக்கிறார்கள் பாருங்கள்.

பக்கத்து நாடான இத்தாலியில் நடந்தது இன்னும் அழகு. டஸ்கனியின் திராட்சைக் குன்றுகளில் வெள்ளைச் சரளைச் சாலைகள் உண்டு. அவற்றுக்கும் தார் போட்டுவிடுவார்களோ என்று ஜியான்கார்லோ புரோச்சி என்பவர் கவலைப்பட்டார். 1997-இல், பழைய சைக்கிள்களில் அந்தச் சாலைகளைச் சுற்றிவரலாம் என்று அழைத்தார். முதல் தடவை வந்தவர்கள் 92 பேர். இன்று ஆயிரக்கணக்கில் திரள்கிறார்கள், சரளையும் சரளையாகவே இருக்கிறது. மிதிக்க ஆள் இருந்ததால் பிழைத்த சாலைகள் அவை.

நம் பாலிக் புலாவுக்கும் அந்தத் திராட்சை ஊர்களுக்கும் நான் ஒற்றுமை தேடிப் போகவில்லை. அது தானாகவே கண்ணில் பட்டது. ஊருக்குள் நுழைந்தால் இயேசுவின் திருநாமத் தேவாலயம் நிற்கிறது. 1854-இல் பிரெஞ்சு மறைபரப்புக் குருமார் தொடங்கியது. மலைச்சரிவில் ஜாதிக்காய் மரங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் இத்தீவுக்குக் கொண்டுவந்த பயிர் அது. 1860 வாக்கில் நோய் விழுந்து ஜாதிக்காய்ப் பெருந்தோட்டங்கள் அழிந்தன. ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான் பிரான்சின் திராட்சை வேர்களில் ஒரு பூச்சி புகுந்து நாட்டையே கலங்கடித்தது. அவர்கள் அமெரிக்கக் கொடியின் வேரில் தங்கள் கொடியை ஒட்டுக்கட்டித் திராட்சையை மீட்டார்கள். இங்கே சிறு தோட்டக்காரர்கள் ஜாதிக்காயைக் கைவிடாமல் காத்தார்கள். ஆகவேதான் இன்றும் வெயிலில் வந்து நிற்பவருக்கு ஒரு குவளை ஜாதிக்காய்ச்சாறு கிடைக்கிறது.

இங்குள்ள டுரியானைப் பற்றிக் கேளுங்கள், தோட்டக்காரர் எந்தச் சரிவு, எத்தனை வயது மரம், நேற்று மழை பெய்ததா என்றுதான் பேச்சைத் தொடங்குவார். ஆங் ஹே ரகம் ஒரு சுவை, ஹோர் லோர் ரகம் இன்னொரு சுவை. பிரெஞ்சுக்காரர் ஒவ்வொரு திராட்சை வயலுக்கும் தனிப்பெயர் சொல்லிச் சுவை பிரிப்பதும் இதே அறிவுதான். மண்ணோடு நெடுங்காலம் வாழ்ந்தவர்களுக்கு மட்டும் வாய்க்கும் அறிவு.

நேயர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். வாய்க்கால் ஓரத்து வழி வாய்க்காலுக்காகப் போட்டது. தோட்டத்துச் சரளைப் பாதை பழம் இறக்குவதற்காக வெட்டியது. வயல் மனையானால் முதலில் மறைவது அந்த வழிதான். தார் வரும், கார் வரும், கொக்கு போய்விடும். ஆகவே அமைதியான பாதை வேண்டும் என்று கேட்பவர்கள், அந்த மண்ணில் உழைப்பவரின் பிழைப்பு நிலைக்க வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நீங்களும் ஒருமுறை போய்வாருங்கள். கிராவல் சைக்கிள்தான் வேண்டும் என்பதில்லை. டயர் கொஞ்சம் அகலமாக இருந்தால் போதும். தலைக்கவசம் அணியுங்கள். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்குள் வெயில் சுட்டுவிடும். மலை ஏற முடியாதவர்கள் பாலிக் புலாவ் வரை காரில் போய், அங்கிருந்து சைக்கிளில் மிதிக்கலாம். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். டுரியான் பருவத்தில் மரத்தடியில் நிற்காதீர்கள். உதிர்ந்து கிடக்கும் பழம் தோட்டக்காரருடையது, அதை எடுக்காதீர்கள். சுற்றி முடித்ததும் அந்த ஊர்க் கடையிலேயே ஒரு கிண்ணம் லக்சாவோடு பசியாறுங்கள். திரும்பும்போது ஜாதிக்காயோ பழமோ விளைவித்தவரின் கையிலேயே காசு கொடுத்து வாங்குங்கள்.

ஒற்றைத்தட வழியில் எதிரே உர மூட்டையோடு ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தால், சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நில்லுங்கள். அவருக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள். அவர் வயலுக்குப் போகும்வரைதான் நமக்கு அந்த வழி.