அரிதாரம் பூசிய நீதிபதி



விடிய விடியப் பாரதக்கூத்து பார்த்து வளர்ந்தவன் நான். வேஷம் கட்டுகிறவர் கைக்கண்ணாடியை முழங்காலில் சாய்த்து வைத்துக்கொண்டு அரிதாரம் பூசுவார். முகத்தில் துரியோதனன் வந்து உட்காரும்வரை வாய் திறக்க மாட்டார். பொழுது விடிந்ததும் அதே மனிதரை ஊர் 'கூத்தாடி' என்று கூப்பிடும். அந்தச் சொல் இன்னும் என் காதில் குத்துகிறது.

சென்னையிலும் ஒரு காலத்தில் படித்த வீடுகளில் நாடகம் என்றால் இளக்காரம்தான். பின்னாளில் தமிழ் நாடகத்தையே மாற்றிய பம்மல் சம்பந்த முதலியாருக்கே சிறு வயதில் தமிழ் நாடகம் பிடிக்காது. 1891இல் பெல்லாரி வக்கீல் கிருஷ்ணமாச்சாரியார் தம் தெலுங்குக் குழுவோடு சென்னைக்கு வந்தார். படித்தவர்கள் வேஷம் கட்டி நின்றதை 18 வயதுப் பிள்ளை கண் கொட்டாமல் பார்த்தது. அதே ஆண்டு அவருடைய சுகுண விலாச சபை என்ற நாடகக் குழு பிறந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே டீக்கடை பெஞ்சில் பேசுகிற இந்தக் கனகம்மாசத்திரத்தில் இதைச் சொல்ல எனக்குத் தனிச் சந்தோஷம். நம் புது நாடகத்துக்கு நெருப்பு தெலுங்கு வீட்டு அடுப்பிலிருந்து வந்ததய்யா!

பம்மலார் வக்கீலானார், ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியானார். நாடகத்தை விடவில்லை. பாட்டிலேயே ஓடிக்கொண்டிருந்ததை வசனத்துக்குத் திருப்பினார். 'மனோகரா'வை எழுதி, மனோகரனாகத் தாமே நடித்தார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் அவர் கையில் அமலாதித்தன் ஆனான். 1959இல் பத்மபூஷண் வந்தது.

பம்மலாரைப் போலவே பெரிய இடத்திலிருந்து மேடைப் பக்கம் வந்த இன்னொருவர், அயர்லாந்தின் டன்சேனி பிரபு. கோட்டையில் வாழ்ந்துகொண்டு சிறுகதையும் நாடகமும் எழுதியவர். 1909இல் அவருடைய முதல் நாடகம் டப்ளின் அபே தியேட்டரில் ஏறியது. எனக்கு அவரைப் பிடித்தது அதனால் அல்ல. சாலை வேலை பார்த்த பிரான்சிஸ் லெட்விட்ஜ் என்கிற இளைஞர் தம் கவிதைகளை அனுப்பியபோது, உட்கார்ந்து படித்து, கைதூக்கி விட்டு, முதல் தொகுதிக்கு முன்னுரையும் எழுதிக் கொடுத்தார்.

பம்மலார் போன்றவர்கள் மேடையேறியதால் சபா நாடகத்துக்கு மரியாதை கிடைத்தது. தெருக்கூத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. டன்சேனி அந்த இளைஞருக்குக் கை கொடுத்ததுபோல நீங்களும் கொடுங்கள் என்று, இங்கே முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்கிறேன். அடுத்த பாரதக்கூத்து முடிந்ததும், வேஷம் கலைக்கிற இடத்துக்கு நீங்களே போங்கள். வேஷம் கட்டியவர் பெயரைக் கேளுங்கள். பேசிய சம்பளத்தை இழுத்தடிக்காமல் கையில் கொடுங்கள். 'ஐயா' என்று கூப்பிடுங்கள்.