படைச் சீருடையும் சீக்கியரின் தலைப்பாகையும்

முகத்தை மழித்துத் தலைமுடியைக் குட்டையாகக் கத்தரித்துக்கொள்வது உலகின் பல படைகளில் ஒழுங்கின் முதற்பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. உடலில் வளரும் முடியை வாழ்நாள் முழுவதும் வெட்டாமல் காப்பதோ சீக்கிய சமயத்தில் தீட்சை பெற்றவர்கள் ஏற்கும் உறுதிமொழியாகும். இவ்விரு கட்டுப்பாடுகளும் ஒரே மனிதரைச் சாரும்போது எது எதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்னும் கேள்வி எழுகிறது. அமெரிக்கப் படைகளில் இக்கேள்வி 1981ஆம் ஆண்டு முதல் விதிநூல்களிலும் பின்னர் நீதிமன்றங்களிலும் ஓயாமல் விவாதிக்கப்பட்டு வருகிறது. உயிரையே பணயம் வைக்கும்படி ஒருவரைக் கேட்கும் உரிமை படைத்த அரசு, அவருடைய சமயக் கடமையையும் விட்டுவிடச் சொல்லலாமா என்பதே அதன் உள்ளடக்கம்.

சீக்கியரின் பத்தாம் குருவான குரு கோவிந்த் சிங், 1699ஆம் ஆண்டு வைசாகித் திருநாளில் பஞ்சாபின் அனந்த்பூர் சாஹிப்பில் கால்சா என்னும் தீட்சை பெற்றோர் சமூகத்தை நிறுவினார். அதில் சேர்ந்தோர் எப்போதும் தாங்கியிருக்க வேண்டிய அடையாளங்கள் ஐந்து: வெட்டாத முடியாகிய கேஷ், அதை வாரி ஒழுங்குபடுத்தும் மரச் சீப்பாகிய கங்கா, மணிக்கட்டில் அணியும் இரும்பு வளையமாகிய கரா, கச்சேரா எனப்படும் அரைக்கால் உள்ளாடை, கிர்பான் எனப்படும் குறுவாள். முடியைக் காக்கவும் அதற்குரிய மதிப்பைத் தரவும் அணியப்படும் தலைப்பாகை இவற்றோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்டது. அநீதியை எதிர்த்து ஆயுதம் ஏந்தவும் தயங்காத சமூகமாகவே கால்சா உருவாக்கப்பட்டதால், இவ்வடையாளங்கள் போர்க்களத்துக்குப் புறம்பானவை என்ற எண்ணம் சீக்கியர் மனத்தில் ஒருபோதும் இருந்ததில்லை.

ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவின் படையும் அவ்வாறு எண்ணவில்லை. 1849இல் பஞ்சாபைக் கைப்பற்றிய பின் சீக்கியரைப் பெருமளவில் சேர்த்துக்கொண்ட அப்படை, சமயப் பற்றுள்ள சீக்கியரே சிறந்த வீரர் என்னும் கணிப்பில், முடியையும் தாடியையும் தலைப்பாகையையும் அவர்கள் கைவிடக் கூடாது என்று எதிர்பார்த்தது. 1897 செப்டம்பர் 12 அன்று வடமேற்கு எல்லையின் சாராகரிக் காவல்நிலையில், தங்களைவிடப் பன்மடங்கு பெரிய பழங்குடிப் படையை எதிர்த்துக் கடைசி ஆள் வரை போரிட்டு மடிந்த 36ஆம் சீக்கியப் படைப்பிரிவின் 21 வீரர்களும் தலைப்பாகை அணிந்தவர்களே. முதல் உலகப் போரில் பிரிட்டனின் அரச விமானப் பிரிவில் சேர்ந்த ஹர்தித் சிங் மாலிக், தலைப்பாகைக்கு மேல் பொருந்துமாறு தனியே செய்யப்பட்ட தலையுறையை அணிந்து போர் விமானம் ஓட்டினார். ஒரு படை மீறல் என்று கருதும் தாடியை மற்றொரு படை கட்டாயக் கடமையாகவே வைத்திருந்தது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

அமெரிக்காவிலும் தொடக்கத்தில் கதவு முற்றிலும் மூடியிருக்கவில்லை. பகத் சிங் திண்ட் என்னும் பஞ்சாபியர் 1918இல் அந்நாட்டுத் தரைப்படையில் தலைப்பாகையோடு பணியாற்றினார். அவருடைய சீருடையை ஏற்ற அதே நாட்டின் உச்ச நீதிமன்றம், அவர் சட்டத்தின் பொருளில் வெள்ளையர் அல்லர் என்று கூறி 1923இல் குடியுரிமையை மறுத்தது. பிற்காலத்தில் சீக்கியருக்கு அளிக்கப்பட்டிருந்த விதிவிலக்கைத் தரைப்படை 1981இல் நீக்கியது. ஏற்கெனவே பணியில் இருந்தவர்கள் மட்டும் பழைய நிலையில் தொடர அனுமதிக்கப்பட்டதால், தாடி வைத்த அதிகாரிகள் படைக்குள் பதவி உயர்வு பெற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே, அவர்களைப் போன்ற இளைஞர்கள் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டனர்.

சட்டத்தின் போக்கை மாற்றிய வழக்கு சீக்கியருடையதன்று. விமானப்படையில் உளவியலாளராகப் பணியாற்றிய சிம்கா கோல்ட்மன் என்னும் யூதர், யார்முல்கே எனப்படும் சிறு சமயத் தொப்பியை அணியும் உரிமை கேட்டுத் தொடுத்த வழக்கில், படைத் தலைமையின் தொழில்முறைத் தீர்ப்பில் நீதிமன்றம் தலையிடாது என்று உச்ச நீதிமன்றம் 1986இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் முடிவு செய்தது. அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம், பணிக்கு இடையூறு செய்யாததும் அடக்கமானதுமான சமய உடையைச் சீருடையோடு அணியலாம் என்று சட்டம் இயற்றியது. 1993ஆம் ஆண்டின் சமயச் சுதந்திர மீட்புச் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. ஒருவரின் சமய ஒழுகலாற்றுக்கு அரசு பெருஞ்சுமை ஏற்படுத்துமானால், அதற்குத் தவிர்க்க முடியாத பொதுநலக் காரணம் ஒன்று உண்டு என்பதையும், அந்நலனைக் காக்க அதைவிட இலேசான வழி இல்லை என்பதையும் அரசே மெய்ப்பிக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம்.

இதன் பலன் மெதுவாகவே கிட்டியது. 2009இல் மருத்துவர் கமல்ஜீத் சிங் கல்சியும் பல் மருத்துவர் தேஜ்தீப் சிங் ரத்தனும் தலைப்பாகையோடும் தாடியோடும் தரைப்படையில் பணியாற்றத் தனி அனுமதி பெற்றனர். 2015இல் கல்லூரி மாணவர் ஒருவர் படை அதிகாரிப் பயிற்சியில் சேர வேண்டித் தொடுத்த வழக்கில், தோல் நோய் போன்ற மருத்துவக் காரணங்களுக்காக 2007 முதல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகம் மழிக்காமலிருக்கப் படையே அனுமதித்திருந்தது வெளிப்பட்டது. மருத்துவத்துக்காக விடப்படும் தாடியால் குலையாத கட்டுப்பாடு, சமயத்துக்காக வளர்க்கப்படும் தாடியால் எவ்வாறு குலையும் என்ற கேள்விக்குப் படையிடம் விடை இல்லாததால் மாணவர் வென்றார். 2017 ஜனவரியில் தரைப்படை தன் விதியை மாற்றி, இத்தகைய அனுமதியைப் படைப்பிரிவுத் தளபதி அளவிலேயே வழங்க வழிசெய்தது. 2020இல் விமானப்படையும் தெளிவான நெறிமுறைகளை வகுத்தது.

எதிர்வாதங்களுள் வலுவானது நச்சுவாயு முகமூடியைப் பற்றியது. முகமூடியின் விளிம்பு தோலோடு இடைவெளியின்றிப் படிந்தால்தான் வாயு உள்ளே புகாது என்பதும், அடர்ந்த தாடி அந்தப் படிவைக் கெடுக்கலாம் என்பதும் புறக்கணிக்கத்தக்க அச்சங்கள் அல்ல. ஆயினும் அமெரிக்கப் படையில் சேர்ந்த சீக்கியர்கள் வாயு அறையில் நடத்தப்படும் சோதனையில் தேறியிருக்கிறார்கள். கனடாவின் படை அதிகாரியாக இருந்து பின்னர் அந்நாட்டின் பாதுகாப்பு அமைச்சரான ஹர்ஜித் சிங் சஜ்ஜன், தாடியோடு அணியத்தக்க முகமூடி ஒன்றைத் தாமே வடிவமைத்துக் காப்புரிமை பெற்றார். தலைக்கவசத்தைப் பொறுத்தவரை நிலைமை இவ்வளவு எளிதன்று. இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் சீக்கிய வீரர்களுக்கெனக் குண்டு துளைக்காத தலைக்கவசம் வாங்க முற்பட்டபோது, தலைப்பாகையின் இடத்தை வேறெதுவும் பிடிக்கக் கூடாது என்று 2023இல் சீக்கிய சமய அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. வீரரின் உயிரைக் காக்கும் பொறுப்பும் அவருடைய நம்பிக்கையை மதிக்கும் பொறுப்பும் ஒரே அரசின் தோளில் இருப்பதால், இத்தகைய சிக்கல் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்ந்தே தீர்க்க வேண்டியுள்ளது.

மற்றொரு கேள்வி, ஒரு சமயத்துக்குத் தரும் விலக்கைப் பிற சமயங்களுக்கு மறுப்பது முறையா என்பது. இந்திய விமானப்படையில் தாடி வளர்க்க அனுமதி கேட்ட முஸ்லிம் வீரரின் வழக்கை இந்திய உச்ச நீதிமன்றம் 2016இல் தள்ளுபடி செய்தது. முடி வெட்டுவதையோ மழிப்பதையோ சமயமே தடை செய்திருந்தால்தான் படைவிதி விலக்களிக்கும் என்றும், அத்தகைய தடை அவ்வழக்கில் நிறுவப்படவில்லை என்றும் அது கருதியது. சமயத்தின் கட்டளை எது, விருப்பம் எது என்று நீதிபதிகள் பிரித்துப் பார்க்க வேண்டிய இந்த அணுகுமுறையைவிட, தனிமனிதரின் நம்பிக்கை உண்மையானதா என்று மட்டும் பார்த்துவிட்டு, மெய்ப்பிக்கும் பொறுப்பை அரசின்மேல் வைக்கும் அமெரிக்கச் சட்டத்தின் அணுகுமுறை எல்லாச் சமயத்தார்க்கும் கூடுதலாகப் பொருந்துகிறது.

சட்டம் அவ்வாறிருந்தும் நடைமுறை நிலைபெறவில்லை. பயிற்சி முகாமில் விலக்களிக்க மரைன் படை மறுத்தபோது, 2022 டிசம்பரில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சீக்கிய இளைஞர்களுக்குச் சாதகமாக இடைக்கால ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. 2025 செப்டம்பர் இறுதியில் பாதுகாப்புத் துறைச் செயலர் பீட் ஹெக்செத், தாடிக்கான விலக்குகளை 2010க்கு முந்தைய நிலைக்குக் கொண்டுசெல்லுமாறு படைகளுக்கு உத்தரவிட்டார். தளபதியின் நல்லெண்ணத்தால் கிடைக்கும் அனுமதி, தளபதி மாறினால் மறையக்கூடியது என்பதற்கு 1981ஆம் ஆண்டுக்குப் பிறகு கிடைத்துள்ள மற்றொரு சான்று இது. 1993ஆம் ஆண்டுச் சட்டமோ இன்றும் நடப்பில் உள்ளது. மழித்த முகம் படைக்கு இன்றியமையாதது என்று கூறுவோர், வழக்கத்தைக் காரணம் காட்டாமல், களத்தில் நேர்ந்த குறைபாட்டைச் சான்றாகக் காட்ட வேண்டும் என்று அது கோருகிறது; இதுவரை அமெரிக்க நீதிமன்றங்களின் முன் வந்த முக்கிய வழக்குகளில் படைத் தரப்பால் காட்ட முடியாமற்போனதும் அச்சான்றேயாகும்.