மொய்ப் புத்தகமும் ஆராய்ச்சிக் கட்டுரையும்



சென்ற பள்ளி விடுமுறையில், முன்பு நம்மிடம் படித்த மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய தந்தையார் பால்வெட்டுத் தொழிலாளி. அவர் நிரையில் நல்ல மரங்கள் பல, பட்டை காய்ந்து, கத்தி வைத்தாலும் பால் சொட்டாமல் நின்றுவிட்டன. பால் குறைந்தால் சம்பளம் என்னாகும் என்று நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கவலையோடு, அதையே தன் கட்டுரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டாள். பழைய நூல் ஒன்றில், இது கிருமியால் வரும் நோய் என்று இருந்தது. அதை நம்பி எழுதிக் கொடுத்தாள். "இது எப்போதோ கைவிடப்பட்ட கருத்து" என்று எழுதி, விரிவுரையாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"சார், நான் படித்தது அச்சான புத்தகம். அதற்குப் பிறகு யாரோ மறுத்து எழுதியிருந்தால் அந்தப் புத்தகம் அதை எப்படிச் சொல்லும்?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. இன்றைய பேச்சு அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தால், பொடி எழுத்தில் நீண்ட பட்டியல் ஒன்று இருக்கும். இன்னார், இன்ன ஆண்டில், இன்ன இதழில் எழுதியதிலிருந்து இந்தச் செய்தியை எடுத்தோம் என்று ஒப்புக்கொள்ளும் பட்டியல். மேற்கோள் பட்டியல் என்பார்கள். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது நாம் அந்தப் பக்கத்தைப் புரட்டியதே இல்லை. படிப்பு முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அது, அவ்வளவுதான். நூலகர் ஒருநாள் நம்மைப் பிடித்து உட்கார வைத்து, "ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால் அதன் வாலைப் பிடியுங்கள். பத்துக் கட்டுரை தானே வரும்" என்றார். பிடித்துப் பார்த்தோம். வந்தன. ஆனால் வந்தவை எல்லாம் பழையவை. வாலைப் பிடித்தால் பின்னோக்கித்தான் போக முடியும். மாணவி கேட்டதோ முன்னோக்கிப் போகும் வழி.

இதை விளங்கிக்கொள்ள நம் வீட்டு மொய்ப் புத்தகமே போதும். மகள் திருமணத்தில் யார் யார் எவ்வளவு மொய் எழுதினார்கள் என்பது நம் புத்தகத்தில் இருக்கிறது. நாம் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பதைச் சொல்வது அது. ஆனால் நாம் எந்தெந்த வீட்டில் மொய் எழுதினோம் என்று கேட்டால் நம் புத்தகத்தில் பதில் கிடையாது. அது அந்தந்த வீட்டுக்காரர் பெட்டியில் கிடக்கிறது. தெரிய வேண்டுமானால் என்ன செய்வது? தோட்டத்தில் உள்ள எல்லா வீட்டு மொய்ப் புத்தகங்களையும் வாங்கி வந்து, ஒவ்வொரு வரியையும் தனித்தனிச் சீட்டில் எழுதி, கொடுத்தவர் பெயர்ப்படி அடுக்க வேண்டும். அப்படி அடுக்கினால், ஒருவர் பெயரைப் பார்த்ததும் அவர் மொய் எழுதிய வீடுகள் எல்லாம் வரிசையாக நிற்கும். இப்படிச் செய்தால் பல வீட்டில் சண்டை வரும் என்பது வேறு விஷயம்.

கட்டுரைகளுக்கும் இதே வேலைதான். ஒரு கட்டுரையை எடுத்துக்காட்டிப் பிற்பாடு யார் யார் எழுதினார்கள் என்பது அந்தக் கட்டுரையில் இராது. மற்றவர்களின் கடைசிப் பக்கங்களில் சிதறிக் கிடக்கும். அத்தனையையும் திரட்டித் திருப்பி அடுக்க வேண்டும்.

முதலில் இந்த வேலை வழக்கறிஞர்களுக்குத்தான் தேவைப்பட்டது. பழைய தீர்ப்பு ஒன்றைக் காட்டி வாதாடுகிறார் ஒருவர். அந்தத் தீர்ப்பைப் பிந்திய தீர்ப்பு ஒன்று தள்ளிவிட்டிருந்தால், நம்பி வந்த கட்சிக்காரரின் கதி என்ன? அமெரிக்காவில் சட்டப் புத்தகம் விற்றுவந்த பிராங்க் ஷெப்பர்ட் என்பவர் 1873இல் இதற்கு வழி கண்டார். ஒவ்வொரு தீர்ப்பையும் பிற்பாடு எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துக்காட்டின என்று சிறு ஒட்டுத்தாள்களில் அச்சடித்து விற்றார். வழக்கறிஞர்கள் அவற்றைப் புத்தக ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள்.

அந்த முறையை அறிவியலுக்குக் கொண்டுவந்தவர் யூஜீன் கார்பீல்டு. 1955இல் 'சயன்ஸ்' இதழில் தம் திட்டத்தை எழுதினார். நியூ ஜெர்சியில் கோழிக் கொட்டகை ஒன்றைச் செப்பனிட்டு அதில் தொழில் தொடங்கியவர் அவர். ஆயாக்கொட்டகையில் வகுப்பு நடத்திய நம் பழைய ஆசிரியர்களுக்கு இது ஆறுதலாக இருக்கும். 613 இதழ்களின் கடைசிப் பக்கங்களைக் கணினியில் ஏற்றி, ஏறத்தாழ 14 லட்சம் மேற்கோள்களைத் திருப்பி அடுக்கினார். 1964இலிருந்து அந்த அட்டவணை முறையாக வெளிவந்தது. பிறகு லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் இரு மாணவர்கள், மேற்கோளில் கண்ட இந்தக் கருத்தைக் கணினிப் பக்கங்களின் இணைப்புகளுக்குப் பயன்படுத்தினார்கள். இன்று பிள்ளைகள் கைப்பேசியில் தேடும் கூகுள் அதிலிருந்து பிறந்தது.

பொருள்வாரியாக அடுக்கினால் போதாதா என்று நேயர்கள் கேட்கலாம். நூலகங்கள் அப்படித்தான் அடுக்குகின்றன. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் அதற்கென்றே 1933இல் ஒரு பகுப்பு முறையை வெளியிட்டார். ஆனால் சொல் மாறிவிடுகிறது. நம் மாணவியின் பொருளையே பாருங்கள். பட்டை காய்வதை அக்காலத்து ஆராய்ச்சியாளர்கள் 'பிரவுன் பாஸ்ட்' என்று எழுதினார்கள். இக்காலத்தவர் 'டேப்பிங் பேனல் டிரைனஸ்' என்கிறார்கள். பழைய பெயரை மட்டும் வைத்துத் தேடுபவருக்குப் புதிய கட்டுரைகளில் பல தப்பிப்போகும். ஆனால் புதியவர்களும் பழையவர்களை மேற்கோள் காட்டத்தானே செய்கிறார்கள்? பெயர் மாறினாலும் அந்த உறவு அறுவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பலர் எடுத்துக்காட்டிவிட்டார்கள் என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. 1980இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் படுத்திருந்தபோது அபின் வகை வலி மருந்து பெற்ற 11,882 பேரில், முன்பு அந்தப் பழக்கம் இல்லாதிருந்தும் அதற்கு அடிமையானவர்கள் நால்வரே என்று அதில் இருந்தது. படுக்கையில், மருத்துவர் கண்ணெதிரில், மருந்து பெற்றவர்கள் அவர்கள். வீட்டுக்கு எடுத்துப்போய் மாதக்கணக்கில் விழுங்குவோரைப் பற்றி அந்தக் கடிதம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்தடுத்து எழுதியவர்கள் கடிதத்தைப் படித்தார்களோ இல்லையோ, 'இந்த மருந்துக்கு அடிமையாவது அரிது' என்று எடுத்துக்காட்டிக்கொண்டே போனார்கள். 2017இல் கனடா ஆராய்ச்சியாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். 608 கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருந்தன. அவற்றுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை, அவர்கள் மருத்துவமனையில் இருந்த நோயாளிகள் என்பதையே சொல்லவில்லை. அந்த நாட்டில் அவ்வகை மருந்துகளுக்கு அடிமையாகி இறந்தவர்கள் பல்லாயிரம் பேர். ஒரு கடிதம் மட்டுமே அதற்குக் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. மொய்ப் புத்தகத்தில் பெயர் இருப்பதால் மட்டும் அவர் நல்லவர் என்று ஆகிவிடுமா? அதுவும் இதுவும் ஒன்றுதான். யார் எடுத்துக்காட்டினார்கள் என்பதை அட்டவணை சொல்லும். ஏற்றுச் சொன்னார்களா, மறுத்துச் சொன்னார்களா, படிக்காமலே சொன்னார்களா என்பதை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். அந்த எண்பதையும் எண்ணிக் கண்டுபிடிக்க உதவியது மேற்கோள் அட்டவணைதான் என்பதையும் மறக்கக் கூடாது.

மாணவியை உட்கார வைத்து, அந்தப் பழைய நூலிலிருந்து முன்னோக்கிப் போகும் வழியைக் காட்டினோம். கல்லூரி நூலகக் கணினியில் இரண்டு நாள் தேடியிருக்கிறாள். கிருமி என்ற கருத்துக்கு அக்காலத்திலேயே மறுப்பு எழுந்ததும், மரத்தை மிகையாக வெட்டுவதும் பால் பெருக்கும் மருந்தை அளவு மீறிப் பூசுவதும் பட்டை காய்வதற்கு வழிகோலும் என்று பிற்காலத்தார் எழுதியதும் அவளுக்குக் கிடைத்தன. கட்டுரையைத் திருத்தி எழுதி, தந்தையாருக்குப் படித்துக் காட்டினாளாம்.

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டிருக்கிறார்: "ஓயாமல் வெட்டினால் மரம் காயும் என்று உன் தாத்தா காலத்திலேயே பிரட்டுக்களத்தில் பேசிக்கொண்டோமே, அந்தப் பட்டியலில் எங்கள் பெயர் எங்கேம்மா இருக்கிறது?"

அவள் திரும்பவும் நம்மிடம் வந்தாள். தொழிலாளி ஒருவர் வாயால் சொன்னதைக் கட்டுரையில் எப்படிக் குறிப்பது என்று கேட்டாள். அதற்கும் முறை இருக்கிறது. சொன்னவர் பெயர், சொன்ன நாள், நேரில் கேட்டது என்னும் குறிப்பு, இவற்றை எழுத வேண்டும். எழுதிவிட்டாள்.