அளவும் ஆற்றலும்

கெலிஓயாவிலிருந்து பேராதனை வழியாகக் கண்டிக்குச் செல்லும் வீதியிலே, புதிய வாகனங்களுக்கிடையில் பழைய மொரிஸ் மைனர் வண்டியொன்று ஏற்றத்தில் முனகிச் செல்வதை இன்றும் காணலாம். அத்தகைய வண்டியை வைத்திருப்போர் எல்லோரும் பழம்பொருளில் ஆசை கொண்டவரல்லர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. புதியது வாங்க இயலாதவர் பழையதைப் பேணுகின்றனர்.

அவ்வாறானவர்கள் அயல்நாட்டில் நிகழ்ந்ததொன்றைக் கவனித்தல் நன்று. கரும்பு, மக்காச்சோளம் முதலியவற்றிலிருந்து வடிக்கப்படும் எதனோல் என்னும் மதுசாரத்தை இந்தியா பெற்றோலுடன் கலந்து வருகின்றது. 2022இல் நூற்றுக்குப் பத்தாக இருந்த கலப்பு, 2025இல் இருபதாயிற்று. எண்ணெய் இறக்குமதிச் செலவு குறைய வேண்டும், உழவனின் விளைவுக்கு விலை கிடைக்க வேண்டும் என்னும் நோக்கங்கள் குறைகூறத் தக்கவையல்ல. ஆயினும், பழைய வண்டிக்காரர், “முன்போல் தூரம் ஓடவில்லையே” என்று முறையிட்டனர்.

அம்முறையீடு வெறும் மனப்பிரமையா? அன்று. ஒரு லீற்றர் எதனோலில் அடங்கிய வெப்ப ஆற்றல், ஒரு லீற்றர் பெற்றோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கேயாகும். ஆதலால் இருபது வீதம் கலந்தால், ஆற்றல் ஆறு அல்லது ஏழு வீதம் குறைகின்றது. இருபது வீதத்துக்கென ஒழுங்கு செய்த கார்களில் ஓடுதூரம் 1 முதல் 2 வீதமும், ஏனையவற்றில் 3 முதல் 6 வீதமும் குறையலாமென இந்திய அரசே 2025இல் கூறியது.

புதிய வண்டி இக்குறையை ஓரளவு ஈடுசெய்வது எவ்வாறு? எதனோலுக்கு ஒக்டேன் அளவு உயர்வு. மிகுந்த அழுத்தத்தில் இயங்கும் எஞ்சின் அதனாற் பயன் பெறும். மேலும், புகைக்குழாயிலுள்ள உணர்கருவி ஒட்சிசனை அளந்து, வேண்டிய எரிபொருளைக் கூட்டிக் கொடுக்கும். பழைய காபரேற்றருக்கோ அந்த அறிவு இல்லை. அதன் துவாரம் முன்னரே அளவிடப்பட்டது. எதனோல் தன்னுள்ளேயே ஒட்சிசனைக் கொண்டிருப்பதால், கலவையில் எரிபொருள் மெலிந்து விடுகின்றது. ஏற்றத்திலே வண்டி தயங்க, சாரதி மேலும் மிதிக்கின்றார். துவாரத்தைப் பெரிதாக்கினால் தயக்கம் தீரும். இழந்த ஆற்றல் மீளாது. எதனோல் ஈரத்தை ஈர்ப்பது. பழைய இறப்பர்க் குழாய்களை ஊதிப் பழுதாக்கவும் வல்லது.

ஆறு வீதம் அற்பமெனத் தோன்றலாம். 2022ஆம் ஆண்டு எரிபொருள் வரிசையில் நின்றோர் அவ்வாறு கருதார். அவ்வாண்டு ஜூலையில் கியூஆர் பங்கீடு தொடங்கியபோது, ஒரு காருக்கு வாரத்திற்குக் கிடைத்தது 20 லீற்றர். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் வண்டி, அதில் 240 கிலோமீற்றர் ஓடும். ஆறு வீதம் குறைந்தால் 14 கிலோமீற்றருக்கு மேல் இழப்பு. கெலிஓயாவிலிருந்து கண்டியைச் சென்றடையும் தூரத்தினும் அது அதிகம்!

பிரேசில் நாட்டு மக்கள் இதை நன்கறிவர். அங்கே எதனோலின் விலை பெற்றோல் விலையில் எழுபது வீதத்துக்குட்பட்டிருந்தாலே அதை வாங்குதல் இலாபமென்பது வழக்கக் கணக்கு. அங்கே வாங்குபவருக்குத் தெரிவு உண்டு. இந்தியாவிலோ, கலப்பற்ற பெற்றோலும் கிடைக்கச் செய்ய வேண்டுமெனத் தொடுக்கப்பட்ட வழக்கை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

நமது நாட்டிலும் பெல்வத்தை, செவனகல சீனித் தொழிற்சாலைகளில் எதனோல் வடிக்கப்படுகின்றது. நாளை அது பெற்றோற் கொள்கலத்துக்கு வருமாயின், வரவேற்கலாம். ஆனால், கலப்பின் வீதம் பம்பிலே எழுதப்படல் வேண்டும்; ஆற்றல் குறைந்த அளவுக்கு விலையும் குறைதல் வேண்டும். படியளவு சரியாயிருக்க, உள்ளே பதர் கலந்திருந்தால், நெல் வாங்கியவர் பொறுப்பாரா? நாட்டின் நன்மைக்கான செலவை நாடு முழுவதும் பகிர்தலே முறை. பழைய வண்டியையன்றி வேறு வழியற்றவர் தலையில் மட்டும் அதனைச் சுமத்துதல் நீதியாகாது.