அம்மா கால் நனையுதுன்னு சொன்னப்பவே கேட்டிருக்கணும்

பழைய எஸ்யூவி வாங்கலாமான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பதிலுக்கு என் வண்டி கதையையே சொல்லிடறேன். 2008 மாடல், டீசல். கம்பெனி பேர் வேண்டாம், ஏன்னா இதுல தப்பு வண்டி மேல இல்ல, எங்க மேலதான்.

நான் திருப்பூர்ல ஒரு சாய ஆலை லேப்ல வேலை பார்க்கறேன். அப்பா அம்மா சேவூர்ல இருக்காங்க. ஞாயித்துக்கிழமை ஆனா அவிநாசி வழியா சேவூர் போயிடுவேன். மாசம் ஒரு தடவை அம்மாவைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், அதுக்காகத்தான் இந்த உயரமான வண்டியே வாங்கினேன்.

வாங்கி ரெண்டு மாசத்துல ஒரு பழக்கம் ஆரம்பிச்சது. நான் போய் இறங்கி, இன்ஜின் ஆறினதும், அப்பா பானெட்டைத் திறந்து பார்ப்பார். "தண்ணி கொறைஞ்சிருக்குடா"ன்னு போர் தண்ணியில ஒரு செம்பு ஊத்துவார். அரை லிட்டர் பிடிக்கும். மாட்டுக்குத் தண்ணி காட்டற மாதிரி அது ஒரு வாராந்தர வேலையாவே ஆயிடுச்சு.

இங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். கூலன்ட் டீசல் மாதிரி தீர்ற பொருள் இல்ல. அது மூடின சுற்று. சூடாகி விரிஞ்சா கேப் வழியா பக்கத்து பாட்டிலுக்குப் போகும், ஆறினா திரும்ப உள்ள வரும். வாரம் அரை லிட்டர் குறையுதுன்னா வாரம் அரை லிட்டர் எங்கயோ போகுது. எங்கன்னு கேட்காம ஊத்திக்கிட்டே இருந்தோம் பாருங்க, அதுதான் கோளாறு.

முதல் மெக்கானிக் கேப்பை மாத்தினார். தப்பான யோசனை இல்ல. கேப் மேல 0.9, 1.1னு போட்டிருக்கும், அது அழுத்தம், பார் கணக்குல. 0.9 பார்ல வெறும் தண்ணியே சுமார் 118 டிகிரி வரைக்கும் கொதிக்காது. கேப் தளர்ந்துட்டா அந்தக் காவல் போச்சு. ஆனா எங்க வண்டியில கேப் மாத்தியும் தண்ணி குறைஞ்சது.

ரெண்டாவது மெக்கானிக், ரேடியேட்டர்ல அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியும் சேர்ற மடிப்புல வெள்ளைக் கறையைக் காட்டினார். கசிவுதான், ரேடியேட்டர் புதுசு போட்டாச்சு. நல்ல செலவு. அடுத்த ஞாயிறு அப்பா செம்போட வந்தார். மறுபடியும் குறைஞ்சிருந்தது.

இதுக்கு நடுவுல அம்மா முன் சீட்ல உட்கார்றப்பெல்லாம், "ஏஞ்சாமி, காலடி நசநசன்னு இருக்குது பாரு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நான் ஒவ்வொரு தடவையும் "ஏசி தண்ணிம்மா"ன்னேன். முன் கண்ணாடி உள்பக்கம் காலையில எண்ணெய்ப் படலம் மாதிரி இருக்கும். பனியன் வேஸ்ட்டால துடைப்பேன், மறுநாள் திரும்ப வரும். டேஷ்போர்டு பாலிஷ்னு நினைச்சேன். வண்டிக்குள்ள லேசா ஒரு தித்திப்பு வாசம் வேற. மூணு சாட்சி, மூணையும் தள்ளிவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப, கருமத்தம்பட்டி தாண்டினதும் முள் மேல ஏறுச்சு. ஓரங்கட்டறதுக்குள்ள சட்டுனு கீழ இறங்குச்சு. "அப்பாடா"ன்னு இருந்தது. அந்த அப்பாடா ரொம்ப ஆபத்துங்க. சென்சார் தண்ணியிலதான் சூட்டை அளக்கும். தண்ணி இல்லாம காத்துல நின்னா, இன்ஜின் வெந்துக்கிட்டு இருக்கறப்பவே முள் குறைச்சுக் காட்டலாம். நல்ல வேளை, நிறுத்திட்டேன். கேப்பைத் தொடலை. சூட்டுல திறந்தா மூஞ்சிக்குத்தான் வரும். அம்மா வெயில்ல ஒரு புளியமரத்தடியில முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாங்க. அன்னைக்கு டாக்டரைப் பார்க்க முடியலை.

வண்டியைக் கட்டி இழுத்துட்டு சேவூர் வந்தோம். அங்க ஒரு மெக்கானிக் அண்ணன். டிராக்டர், பிக்கப்னு எல்லாம் பார்ப்பார். என்ன செஞ்சேன்னு கேட்கலை, "யாரு எங்க உட்கார்ந்தா என்ன சொன்னாங்க தம்பி?"ன்னு கேட்டார். அம்மா சொன்னதைச் சொன்னேன். சிரிச்சார்.

மறுநாள் காலையில, இன்ஜின் ஆறின நிலையில, கேப் இருக்கிற இடத்துல சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு கைப்பம்பை மாட்டினார், முள்ளோட. கேப்ல போட்டிருக்கிற அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏத்தினார், அதுக்கு மேல ஏத்தினா நல்ல ஓஸும் கிழியும். இன்ஜின் ஓடலை, ஏசி முந்தின நாள்ல இருந்து போடலை. அம்மா காலடி கார்ப்பெட்டை மடிச்சுட்டு ஒரு புது வெள்ளை பனியன் துணியை விரிச்சார். பத்து நிமிஷம் ஒண்ணும் இல்ல. டீ வந்தது. டீ முடியறப்ப பம்ப் முள் இறங்கியிருந்தது, துணியில ஒரு ரூபாய் அகலத்துக்கு ஈரம், தொட்டா வழுவழுன்னு.

ஹீட்டர் கோர். டேஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கிற குட்டி ரேடியேட்டர். குளிர் ஊருக்காக வச்சது. நம்ம ஊர்ல யார் ஹீட்டர் போடப் போறாங்க? ஆனா எங்க வண்டியில சுவிட்ச் போட்டாலும் போடாட்டியும் சுடுதண்ணி அது வழியா சுத்திக்கிட்டேதான் இருக்கும்.

ஏன் ஓட்டை விழுந்ததுன்னு அண்ணன் விளக்கவே தேவைப்படலை. என் பையில டிடிஎஸ் மீட்டர் இருந்தது. வீட்டு போர் தண்ணி ஆயிரத்தைத் தாண்டுச்சு. குடிக்கற தண்ணிக்கு 500தான் ஏத்த அளவு, வேற வழியில்லைன்னா 2000 வரைக்கும்னு இந்தியத் தரம் சொல்லுது. அந்த உப்புல இருக்கற குளோரைடு அலுமினியத்தை அரிக்கும், கடினத்தன்மை குழாய்ல படியும். எங்க ஆலையில பாய்லருக்கு சாஃப்ட்னர்ல போகாத ஒரு சொட்டு தண்ணி விட மாட்டோம், விட்டா சூப்பர்வைசர் தோலை உரிச்சிடுவார். அதே நான், எங்கப்பா செம்பைப் பார்த்துக்கிட்டு நின்னிருக்கேன். சாயத்தண்ணி கணக்குல மட்டும் டிடிஎஸ் பேசற ஊர்க்காரன்.

அண்ணன் ஹீட்டருக்குப் போற ரெண்டு ஓஸையும் ஒண்ணாக்கி, கோரைச் சுற்றுல இருந்து கழட்டிவிட்டார். எல்லா வண்டிக்கும் இது ஒத்து வராது, கேட்டுட்டு செய்யுங்க. டிஸ்டில்டு வாட்டர்ல மூணு தடவை அலசினப்ப துருக் கலர்ல வந்தது. அப்புறம் கலந்தே வர்ற கூலன்ட். மிச்சத்தை நாய் நக்கற இடத்துல ஊத்தாதீங்க, தித்திக்கும், விஷம்.

உங்க வண்டியில தண்ணி குறைஞ்சா வேற இடங்களும் இருக்கு. டிராஃபிக்ல மட்டும் சூடேறுதுன்னா முதல்ல ஃபேனைப் பாருங்க. ஹைவேயில மட்டும்னா ரேடியேட்டர் அடைப்பு. பஞ்சு மில் பக்கம் ஓடற வண்டின்னா ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல டார்ச் அடிச்சுப் பாருங்க, மெத்தை மாதிரி இருக்கும். ஆயில் பால் டீ கலர்ல இருந்தாலோ, பாட்டில்ல குமிழி வந்துக்கிட்டே இருந்தாலோ ஹெட் கேஸ்கெட்டா இருக்கலாம். அதோட ஓட்டவே ஓட்டாதீங்க.

கோயம்புத்தூர் டாக்டரை அடுத்த வாரம் பார்த்தோம். போறப்ப அம்மா செருப்பைக் கழட்டி, வெறுங்காலைக் கார்ப்பெட்ல தேய்ச்சுப் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை. அப்பா மட்டும் இன்னும் ஞாயித்துக்கிழமை பானெட்டைத் திறக்கறார், செம்பு இல்லாம.